வாடைக்காற்றின் உறை

எங்கள் பத்திரிகையின் வருடாந்திர நாவல் பரிசுக்கு யாரும் சொந்தப் பெயரில் அனுப்பக் கூடாது. கைப்பிரதியில் புனைபெயர் மட்டும் இருக்கும். நிஜப் பெயர் ஒட்டிய உறைக்குள் இருக்கும். முடிவெடுத்த பிறகு ஜெயித்தவரின் உறையை மட்டும் பிரிப்போம். எழுதியவர் யார் என்று தெரிந்துபோனால் நடுவர் விலகிவிட வேண்டும்.

இந்த வருடம் 'வாடைக்காற்று' என்ற பெயரில் வந்த நாவலுக்காக, நடுவர்களில் ஒருத்தியான நான் ஒற்றைக்காலில் நின்றேன். தலைமை நடுவர் ஹல்துன் பே வேறொரு நாவலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைத்தார்.

"உங்ககூட மல்லுக்கட்ட என்னால முடியாது, பெல்கிஸ் ஹானும். வாடைக்காத்துக்கே கொடுத்துடலாம். அந்தப் பால்கனி சண்டை எனக்கும் பிடிச்சுது. பொண்டாட்டி புருஷனோட போர்வையத் தெருவுல வீசுறாளே! நீங்ககூட ஜெவ்தெத்துக்கு அப்படித்தானே செஞ்சீங்க? காதிக்கோய்ப் பேட்டை முழுக்கச் சிரிச்சுதே."

ஜெவ்தெத் என் முன்னாள் கணவன். நாவல்தான் எழுதுகிறான். படிக்கும்போது இது எப்படி உறைக்காமல் போயிற்று? உறைக்குள் அவன் பெயர் இருந்தால் என் மானம் கப்பலேறிவிடும். விவாகரத்து செய்துவிட்டுப் பரிசு கொடுத்தாள் என்று இஸ்தான்புல்லே பேசும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த ஆளின் எழுத்தில் நான் மறுபடியும் மயங்கினேன் என்பதைத்தான் தாங்க முடியாது.

"விலகிக்கிறீங்களா?" ஹல்துன் பே கேட்டார்; அவர் குரலில் கேலி போய்விட்டிருந்தது.

"தெரிஞ்சாத்தானே விலகணும்? சந்தேகம்தான். பிரிங்க."

கத்தியால் உறையைக் கிழித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"சாதெத் கல்யோன்ஜு. மருந்துக் கடைக்காரம்மா. ஊரு ஓர்து."

நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். இந்த நாட்டில் போர்வையை வீசும் மனைவி நான் ஒருத்தி மட்டும் இல்லை! அந்த முகம் தெரியாத அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மேஜையில் ஆறிக் கிடந்த சிமித் ரொட்டியை அப்போதுதான் பசியோடு கடித்தேன்.

செய்தி வெளியானதும் தொலைபேசி அடித்தது. ஜெவ்தெத்.

"என்ன பெல்கிஸ், யாரோ மாத்திரை விக்கிறவளுக்குக் கொடுத்திருக்கீங்க? நானும் அனுப்பியிருந்தேன். 'சாம்பல் நாரை'. கடைசிச் சுத்துக்கே வரலையாம். எந்தக் கழுதை அதைத் தள்ளிச்சு?"

சாம்பல் நாரை. ஒரு மழை நாளில் மூன்றாம் பக்கத்திலேயே கொட்டாவி விட்டு, முதல் ஆளாக நான் ஒதுக்கிய கட்டு அது.

"நான்தான் தள்ளினேன்."

அவன் குரல் இறங்கியது. "வேணும்னே செஞ்சியா? என் எழுத்துன்னு தெரிஞ்சுபோச்சா?"

கல்யாணமான காலம் முழுக்க அவன் எழுதும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆஹா போட்டவள் நான். இருட்டில்கூட அவன் வாக்கியத்தைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

"இல்ல, ஜெவ்தெத். சத்தியமா, ஒரு வரிகூட அடையாளம் தெரியல."