சம்பங்கிக்கு இடம் கிடைக்குமா

வெங்கடசாமி எழுந்து போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சியில் வேர்வைத் தடம் காயாமல் இருந்தது. நாகரசம்பட்டியில் விடிகாலையில் கிளம்பி, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி, ஓசூரில் இறங்கி, வழி கேட்டுக்கொண்டே கணக்கு வாத்தியார் சென்னகிருஷ்ணன் வீட்டைக் கண்டுபிடித்து வந்திருந்தார். கேட்க வந்தது ஒரே விஷயம். எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மகனுக்கு, சென்னையில் எல்லோரும் பேசிக்கொள்ளும் அந்தப் பெரிய காலேஜில் இண்டர்மீடியட் சேர இடம் கிடைக்குமா? சென்னகிருஷ்ணன் பையனுடைய மார்க்குகளை விசாரித்தார். இங்கிலீஷில் பேசுவானா, புது மனிதர்கள் முன்னால் கூச்சப்படாமல் நிற்பானா என்று விசாரித்தார். பிறகு, கிடைக்காதுங்க, அலைய வேண்டாம், சேலத்திலேயே சேர்த்துவிடுங்கள் என்று சொன்னார். வெங்கடசாமி கொடுத்த மோரைக் குடிக்காமலேயே கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐம்பத்தைந்தாம் வருஷத்துக் கோடை அது. பரீட்சை முடிவு வந்த நாளிலிருந்து இப்படி யாராவது வந்துகொண்டேதான் இருந்தார்கள். எப்படி ஆரம்பித்தது என்று சென்னகிருஷ்ணனுக்கே சரியாக நினைவில்லை. கூட வர ஆளில்லாத பையன்களுக்குத் துணையாக நாலைந்து தடவை சென்னைக்குப் போயிருக்கிறார். காலேஜ் வராந்தாக்களில் உட்கார்ந்து, உள்ளே போகிற பையன்களையும் வெளியே வருகிற பையன்களையும் பார்த்துப் பார்த்து, யாரைச் சேர்த்துக்கொள்வார்கள், யாரைத் தள்ளிவிடுவார்கள் என்பது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒருமுறை சொன்னது பலித்தது. இன்னொருமுறையும் பலித்தது. அதன் பிறகு மத்திகிரி மாட்டுப்பண்ணை மேஸ்திரியிலிருந்து தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வரைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் பிள்ளையை அனுப்புவதில்லை. கிடைக்கும் என்று சொன்னால் அது அவர்கள் பிள்ளையின் சாமர்த்தியம். கிடைக்காது என்று சொன்னால் அவரே நின்று கதவைச் சாத்தியது போல முகத்தைப் பார்ப்பார்கள். இந்த வருஷம் அந்தப் பார்வை அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஒவ்வொருவர் போன பிறகும் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சும்மா சாய்ந்திருப்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்திருந்தார். அவர் மனைவி நாராயணம்மா டம்ளரை எடுக்க வந்தவள் போகாமல் நின்றாள்.

“ஊர்ல இருக்கற பசங்களுக்கெல்லாம் சொல்றீங்க. நம்ம சம்பங்கிக்கு என்னான்னு ஒரு நாளும் சொல்லலியே.”

“அவனுக்கென்ன, நல்ல மார்க்கு.”

“நான் மார்க்கைக் கேக்கல.”

சென்னகிருஷ்ணன் துண்டை எடுக்கவில்லை. சம்பங்கி அவர்களுக்கு ஒரே பையன். பள்ளிக்கூடத்தில் அவன்தான் முதல். கணக்கில் அவருக்கே ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டியதை அவன் ஓரத்தில் கிறுக்கிவிட்டு நிமிர்வான். அந்தக் காலேஜிலும் மனுப் போட்டு, நேரில் வரச் சொல்லித் தகவலும் வந்தாயிற்று. ஆனால் அவனுக்கு வாய் திக்கும். சின்ன வயதில் நாக்கில் தேன் தடவினார்கள். கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசச் சொன்னார்கள். நாராயணம்மா ஏதேதோ சாமிக்கு வேண்டிக்கொண்டாள். எதுவும் பலிக்காமல் போன பிறகு, பேசி வைத்துக்கொள்ளாமலே மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவன் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டால் அம்மாவோ அப்பாவோ அந்த வார்த்தையை முடித்துவிடுவார்கள். அவன் தலையாட்டுவான். வகுப்பில் சென்னகிருஷ்ணன் அவனை எழுப்பிக் கேள்வி கேட்டதே இல்லை. மற்ற வாத்தியார்களும் அவர் முகத்துக்காக விட்டுவிடுவார்கள்.

“மார்க்கு போதும்” என்றார் துண்டுக்குள்ளிருந்து. “அங்க கூப்பிட்டு வச்சுப் பேசச் சொல்வாங்க. அதுல நிக்க மாட்டான்.”

நாராயணம்மா டம்ளரை எடுக்காமலே உள்ளே போனாள். பின்கட்டில் குடத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. சம்பங்கி தண்ணீர் கொண்டுவந்திருந்தான். எப்போது வந்தான் என்று தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மத்திகிரியில் ஒரு வேலை இருந்ததால் சென்னகிருஷ்ணன் வெயிலுக்கு முன்பே நடந்து கிளம்பினார். கூப்பிடாமலே சம்பங்கியும் கூட வந்தான். பண்ணையின் கம்பி வேலியை ஒட்டியே ரோடு போகும். வேலிக்கு அந்தப் பக்கம் பெரிய பெரிய காளைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றிருந்தன. வெகு தூரம் நடந்த பிறகு திடீரென்று அவன் கேட்டான்.

“அப்பா, எனக்கு கி... கி...” என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு நின்று, “சிகல்வா?” என்று, கிடைக்காதா என்பதைக் கன்னடத்தில் முடித்தான்.

சென்னகிருஷ்ணன் நின்றுவிட்டார். ஓசூரில் யாருக்கும் இது வித்தியாசமாகத் தெரியாது. அங்கே எல்லோருமே ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் திருப்பித் தெலுங்கில் முடிக்கிறவர்கள்தான். ஆனால் சம்பங்கி அப்படி மாறுவதற்குக் காரணம் வேறு என்பதை அவர் பல வருஷங்களாகக் கவனித்து வந்தார். ‘தண்ணி’ வராதபோது ‘நீரு’ என்பான். ‘கிடைச்சுது’ நின்றுபோனால் ‘சிக்கித்து’ என்பான். கடைக்காரனோ பண்ணையாளோ அவனுக்குத் திக்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் அடுத்த பாஷையில் நுழைந்து தப்பித்துவிடுவான். க, ட, த, ப நான்கும்தான் அவனை அதிகம் பிடித்துக்கொள்ளும் எழுத்துகள். தன்னைத் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

“இங்க நீ ஒரு பாஷையில மாட்டினா இன்னொன்னுல ஓடிடுவே” என்றார் சென்னகிருஷ்ணன். “அங்க இங்கிலீஷு ஒண்ணுதான். ஓடறதுக்கு இடம் இல்ல.”

சம்பங்கியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. சட்டையைக் கழற்றிவிட்டு நடுரோட்டில் நிறுத்தியது போல நின்றான். பக்கத்தில் ஒரு காளை வேலிக் கம்பியில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அவருக்குத் தோன்றியது. ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இங்கே சொன்ன பிறகும் கூடவே நடந்தாக வேண்டும்.

“அப்ப போவ வேணாமா?” என்றான் அவன். அந்த வார்த்தைகள் தடங்கலில்லாமல் வந்தன.

“போலாம். கிடைக்காதுன்னு எனக்குத் தோணுது. தோணறதைத்தான் சொன்னேன்.”

“ச... சரி. போலாம்.”

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் ஒத்திகை நடந்தது. சென்னகிருஷ்ணன் நாற்காலியில் உட்கார்ந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார். சம்பங்கி எதிரில் நின்று பதில் சொல்ல வேண்டும். அவர் எதையும் முடித்துக் கொடுக்கவில்லை. மாட்டிக்கொண்ட வார்த்தையிலேயே அவனை நிறுத்தி வைத்தார். அவன் கண்ணை இறுக்கிக்கொள்வான், கழுத்து நரம்பு புடைக்கும், தாடை நடுங்கும். சமையற்கட்டு வாசலில் நிற்கும் நாராயணம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் அவளால் உதவ முடியவில்லை. மூன்றாம் நாள் அவள் வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

“போதும் விடுங்க. கிடைக்காதுன்னு சொல்லிட்டீங்க இல்ல. அப்புறம் எதுக்கு அவனைப் போட்டு இப்படி.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சம்பங்கிதான் அம்மாவின் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கிவிட்டு, பழைய இடத்திலேயே போய் நின்றான்.

சென்னைக்குப் போக வேண்டுமானால் முதலில் எதிர்ப்பக்கம் பஸ் ஏறிப் பெங்களூர் போய், அங்கிருந்து ரயில் பிடிக்க வேண்டும். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஆள், பாஷைவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கும்போது உங்கள் ஓசூர் எந்தப் பக்கம் சேரும் என்று கேட்டான். தெரியாதுங்க என்றார் சென்னகிருஷ்ணன். அதையும் யாரோ எங்கேயோ உட்கார்ந்து சேர்ப்பதா தள்ளுவதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். சம்பங்கி ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டே வந்தான். பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் தூரத்து உறவினர் ராஜப்பன் வீட்டில் தங்கினார்கள். ராஜப்பன் நல்ல மனிதர். சம்பங்கி பேசத் தொடங்கினாலே பரபரத்துப்போய் அவனுக்குப் பதில் அவரே பேசிவிடுவார்.

காலேஜ் வராந்தாவில் கோட்டுப் போட்ட அப்பாக்களும் ஷூ போட்ட பையன்களும் நிறைந்திருந்தார்கள். பையன்கள் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிச் சிரித்தார்கள். சென்னகிருஷ்ணனின் மனம் பழக்க தோஷத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அந்தச் சுருட்டை முடிக்குக் கிடைக்கும். கைக்குட்டையைக் கசக்குகிறவனுக்குக் கிடைக்காது. இந்த உயரப் பையன் பதில் தெரியாவிட்டாலும் சிரித்தே வாங்கிவிடுவான். அப்படியே வரிசையில் வந்து சம்பங்கியின் மேல் கண் நின்றபோது, அவர் தலையைத் திருப்பித் தோட்டத்தைப் பார்த்தார். தோட்டக்காரன் பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் பிரயாணத்தில் கால் வீங்கியிருந்தது. எங்கேயாவது படுத்தால் போதும் என்றிருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். அறைக்குப் பாதிக்கதவு. உள்ளே போன சம்பங்கியின் முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளியில் தெரிந்தது. ஏழெட்டுக் கேள்விகள் வரை அவன் பதில்கள் கேட்டன. சிலது தங்குதடையின்றி வந்தது. சிலதற்கு முன்னால் நீண்ட இடைவெளி இருந்தது. கணக்கில் கேட்டதற்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினான் போலிருக்கிறது, சாக்பீஸ் சத்தம் விடாமல் கேட்டது. பிறகு ஒருவர் மிகவும் சாதாரணமாக, உன் தகப்பனாருக்கு என்ன வேலை என்று கேட்டார்.

சென்னகிருஷ்ணன் பெஞ்சியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். டீச்சர். ஒத்திகையில் இந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. தன் உத்தியோகத்தைத் தன்னிடமே சொல்லச் சொல்லி யார் கேட்பார்கள்? உள்ளே சத்தமே இல்லை. சம்பங்கியின் வலது குதிகால் செருப்பிலிருந்து மேலெழும்பி நின்றது. வெளியே சென்னகிருஷ்ணனின் வாய் தானாக அந்தச் சொல்லை உருட்டியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“கிளார்க்?” என்று உள்ளே ஒரு குரல் அன்பாக எடுத்துக் கொடுத்தது.

“நோ, சார்.”

“விவசாயம்?” என்று இங்கிலீஷில் இன்னொரு குரல்.

“நோ, சார்.”

மறுபடி சத்தம் இல்லை. தலையாட்டிவிட்டு வெளியே வந்திருக்கலாம். கிளார்க் என்றே ஒப்புக்கொண்டிருந்தாலும் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. வீட்டில் இத்தனை வருஷம் அவன் அப்படித்தான், முடித்துக் கொடுத்ததையெல்லாம் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறான். அதில் எத்தனை வார்த்தைகள் அவன் சொல்ல வந்தவையே இல்லையோ. அந்த எண்ணம் வந்ததும் சென்னகிருஷ்ணன் பெஞ்சியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உள்ளே “டீ” என்ற ஒலி உடைந்து உடைந்து மூன்று நான்கு தரம் வந்தது. கடைசியில் “டீச்சர், சார். மேதமேடிக்ஸ்” என்று கேட்டது. குதிகால் மெல்லக் கீழே இறங்கியது. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்தக் கதவின் கீழாகத் தெரியவில்லை. தாங்க் யூ என்றார்கள். எல்லோருக்கும் சொல்கிற அதே தாங்க் யூ.

வெளியே வந்ததும் இரண்டு பேரும் கேண்டீனில் காபி குடித்தார்கள். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ராஜப்பன் ராத்திரி சாப்பிடும்போது, எப்படி, உங்க கணிப்பு என்ன என்று சென்னகிருஷ்ணனைக் கேட்டார். தெரியலீங்க என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்விக்கு அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் பெயர்களை ஒட்டினார்கள். சென்னகிருஷ்ணன் கால் வலிக்கிறது என்று கேட்டுக்கு வெளியே, ரோட்டோரத்து மதகுச் சுவரில் உட்கார்ந்துகொண்டார். சம்பங்கி தனியாக உள்ளே போனான். போனவன் வர நேரமானது. சுருட்டை முடிப் பையன் தன் அப்பாவோடு காரில் ஏறிப் போனான். அவனுக்குக் கிடைத்ததா என்று கண்டுபிடிக்க அவர் முயலவில்லை. வெயிலில் தார் இளகி வாசனை அடித்தது.

கேட்டைத் தாண்டிச் சம்பங்கி வந்தான். ரோட்டைக் கடந்து நேரே அவர் முன்னால் நின்றான். எத்தனையோ அப்பாக்களின் முகத்தைப் படித்தவருக்கு அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை. வேர்த்திருந்தது, அவ்வளவுதான்.

“அப்பா” என்றான். “எனக்கு கி... கி...”

கிடைச்சுது என்றாலும் அந்த எழுத்துத்தான். கிடைக்கல என்றாலும் அதே எழுத்துத்தான். தெலுங்கு இருந்தது, கன்னடம் இருந்தது, எதிரில் இருப்பது அப்பாதான். ஆனால் அவன் அவற்றுக்குள் போகவில்லை. அந்த எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சென்னகிருஷ்ணனின் வாய் பாதி திறந்துவிட்டது. அவர் அதை மூடிக்கொண்டு, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒரு பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு கடந்து போனது. கடலைக்காரன் ஒருவன் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நகர்ந்தான். சம்பங்கியின் கழுத்து நரம்பு வெயிலில் துடித்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து அவன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.