கார்டு இல்லாத வண்டி

ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து, மண் பரப்பி நடைபாதை ஆக்கியிருந்தார்கள். முதல் நாள் ஊரார் சேர்ந்து நடக்கையில் யார் முன்னால் போவது என்ற பேச்சு வந்ததுமே டிரைவர் நெஞ்சை நிமிர்த்திவிட்டார். இருக்காதா பின்னே! ஓய்வு பெறும்வரை அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவர் ஆயிற்றே.

வீட்டில்தான் வில்லங்கம்.

"கல்யாணமானதுலேருந்து உங்க முதுகைத்தான் பார்த்துட்டு வர்றேன்" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "இன்னைக்காவது என்கூட சேர்ந்து நடங்க. விட்டுட்டுப் போனீங்க, இனிமே உங்களோட எங்கேயும் வரமாட்டேன். சொல்லிட்டேன்."

"சரிம்மா, சரி" என்றார். அவள் சொன்னால் சொன்னதுதான். பாதை வரைக்கும் பயந்து பயந்து அவள் பக்கத்திலேயே நடந்தார்.

பாதையில் கால் வைத்ததும் அந்தப் பயம் போன இடம் தெரியவில்லை. பார்வை நேரே, கால் தானாக வேகம் பிடித்தது. பின்னால் வந்தவர்களுக்கு மூச்சு வாங்கியது.

"ஐயா, கொஞ்சம் நின்னு பூவெல்லாம் பார்த்துட்டுப் போலாமே" என்று கூட்டத்தில் வந்த தபால்காரர் கெஞ்சினார்.

"இங்கே ஸ்டேஷன் கிடையாது" என்றார் டிரைவர், திரும்பாமலே. நல்ல மனுஷன் போங்கள்!

பாலத்தருகே தபால்காரர்தான் கேட்டார். "ஆமா, வீட்டம்மா எங்கே?"

டிரைவர் சட்டென்று நின்றார். திரும்பினார். தூரத்து வளைவில், பெயர்த்துப் போட்ட தண்டவாளக் கட்டைகளின்மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். செருப்பு பக்கத்தில் கிடந்தது.

வண்டியில் முன்னால் பார்ப்பதுதான் டிரைவர் வேலை. பின்னால் பார்த்துக்கொள்ளக் கடைசிப் பெட்டியில் கார்டு இருப்பார். அவர் பச்சைக்கொடி காட்டாமல் சக்கரம் உருளாது. ஆயுசு முழுக்க அப்படிப் பழகியவர், இன்று கொடி கேட்காமலே கிளம்பியிருந்தார்.

"எல்லாரும் நில்லுங்க" என்றார். "கார்டு கொடி காட்டலை. வண்டி போகாது." பிறகு வாயில் கை குவித்துக் கூவினார். "கொடி காட்டும்மா!"

அவள் தன் பச்சை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. டிரைவர் சிரிக்கவில்லை. வந்த வழியே திரும்பி நடந்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அட, உங்களுக்குப் பின்னால வரக்கூடத் தெரியுமா?"

"தப்புதாம்மா. கொடி கேட்காம வண்டியை எடுத்துட்டேன்."

புதருக்குள் எங்கோ தண்ணீர் சலசலத்தது.

"இங்கே ஓடை ஓடுதா?" என்றார் ஆச்சரியமாக.

"எப்பவும் ஓடுது. வண்டிச் சத்தத்துல உங்க காதுல எங்கே விழுந்திருக்கும்?"

பாலத்திலிருந்து தபால்காரர் கத்தினார். "ஐயா, கிளம்பலாமா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். அவள் செருப்பை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"நீங்க போங்கப்பா" என்று குரல் கொடுத்தார் டிரைவர், தன் செருப்பையும் கழற்றிக்கொண்டே. "எனக்கு இன்னும் கொடி கிடைக்கலை."