பதினைந்தாவது ஆள்

இசக்கிச்செல்வி வந்து நின்றபோது அனுசியா டிபன் பாக்ஸின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரமாகியிருந்தது. காலையிலிருந்து வரிசையாக வகுப்புகள். வராத ஒருவருக்குப் பதிலாக இன்னொன்று. தொண்டை கட்டி, குரல் தேய்ந்துபோயிருந்தது. மூடி திறக்கவில்லை. அந்தப் பெண் கையை நீட்டி வாங்கி, ஓரத்தில் விரலால் நெம்பித் திறந்து மேசைமேல் வைத்தாள். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். சூழலியல் துணைப்பாடத்திலிருந்து விலகி, தொழிற்சாலைப் பாதுகாப்புக்கு மாற வேண்டுமாம், அங்கே ஓர் இடம் காலியாகியிருக்கிறதாம். சனிக்கிழமை வரைக்கும்தான் மாறலாம். கல்லூரி இணையதளத்தில் அவள் விண்ணப்பித்துவிட்டாள். பாடம் நடத்துகிறவர் சம்மதம் கொடுத்தால் போதும்.

"பாக்கேன்" என்றாள் அனுசியா.

பெண் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். தயிர்ச்சோறு புளித்திருந்தது. அனுசியா அதையே தின்றாள்.

அந்தக் கல்லூரியில் பயன்பாட்டு வேதியியல், பயன்பாட்டு இயற்பியல், உணவுத் தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இரண்டாம் ஆண்டில் ஒரு துணைப்பாடம் எடுத்தாக வேண்டும். கணினி முதல் நாளே நிரம்பிவிடும். அடுத்து தொழிற்சாலைப் பாதுகாப்பு. இரண்டிலும் இடம் கிடைக்காதவர்களும், கடைசித் தேதியை மறந்துவிட்டவர்களும் சூழலியலில் வந்து விழுவார்கள். ஆரம்பத்தில் அனுசியா முதல் வகுப்பில், ஏன் இந்தப் பாடத்தை எடுத்தீர்கள் என்று கேட்பாள். மற்றதில் இடமில்லை மேடம் என்று ஒளிவுமறைவில்லாமல் பதில் வரும். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். இந்தப் பிள்ளைகள் நாளைக்குத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஆலைகளில், உப்பு கம்பெனிகளில், மீன் பதப்படுத்தும் கூடங்களில் வேலைக்குப் போவார்கள். சோதனைக்குழாயைத் தாண்டி ஓர் உப்பங்கழி இருக்கிறது, கழியில் உயிர் இருக்கிறது என்பதை அதற்குள் ஒருமுறையாவது காதில் போட்டுவைக்கலாம் என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருந்த ஆசை. அதுவும் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இசக்கிச்செல்வியும் அப்படி வந்து விழுந்தவள்தான். வேதியியல்காரி. சாத்தான்குளம் பக்கம் அப்பா ஆறுமுகநயினாருக்குப் பலசரக்குக் கடை. ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "தண்ணியில ஆக்சிஜன் எவ்ளோன்னு அளக்க எங்க டிபார்ட்மென்ட்ல சொல்லித் தந்திருக்காவ மேடம். அதை யாரு மூச்சு விடுதான்னு இங்கனதான் கேள்விப்படுதேன்" என்றாள். அனுசியாவுக்கு அன்று பேருந்தில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

துறைத்தலைவர் தாணுலிங்கம், விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த புதிதில் நடைபாதையில் வைத்து ஒன்றைச் சொல்லியிருந்தார். இந்த வருடம் முதல், பதினைந்து பேர் இல்லாத துணைப்பாடம் நிறுத்தப்படும். உங்கள் வகுப்பில் சரியாகப் பதினைந்து பேர், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நல்ல மனுஷன். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. அனுசியா ஒப்பந்த ஆசிரியை. பாடம் இருந்தால் அவள் இருப்பாள்.

சாயங்காலம் வீட்டில் சிவப்பிரகாஷிடம் சொன்னாள். அவன் கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறவன். வெயிலில் நின்று முகம் கருத்து வந்திருந்தான். காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். பிறகு, "சனிக்கிழமை வரைக்கும் நெட்டு எடுக்கலன்னு சொல்லிரு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றான்.

அவன் குரலில் சூது எதுவும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் பக்கத்து வீட்டில் ஒரு குடம் பிடித்துக்கொள் என்பதைப் போலச் சொன்னான். மத்தியானத்திலிருந்து தானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவன் வாயிலிருந்து கேட்டபோதுதான் அனுசியாவுக்குத் தெரிந்தது. எழுந்துபோய் அரிசி களைந்தாள். மறுநாளும் அவள் இணையதளத்தைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை களவகுப்பு. ஊருக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கழி தொடங்குகிற இடத்தில் வேன் இறக்கிவிட்டுப் போனது. கடல் உள்வாங்கி, சேறு ஈயம் மாதிரி மின்னியது. தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அப்பால் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகள். அலையாத்திச் செடிகளின் வேர்கள் சேற்றிலிருந்து விரல்விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. அனுசியா முனைவர் பட்டத்துக்காக வருடக்கணக்கில் மிதித்த சேறு இது. அப்போது கால் வலித்ததாக நினைவில்லை. இப்போது ஒவ்வொரு அடியையும் பிடுங்கித்தான் வைக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளைச் சிறுசிறு குழுவாகப் பிரித்து, பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டங்களைக் கொடுத்தாள். சட்டத்தைச் சேற்றில் போட்டு, அதற்குள் இருக்கிற நத்தைகளையும் நண்டு வளைகளையும் எண்ண வேண்டும். பெண்கள் சுடிதாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினார்கள். புன்னைக்காயல் பையன் கிங்ஸ்டன், பயன்பாட்டு இயற்பியல், ஒரு நத்தையை எடுத்து எல்லோர் மூக்குக்கும் கொண்டுபோனான். வகுப்பில் எது நடந்தாலும் முதலில் அவனுக்குத் தெரியும். இரண்டாவதாக ஊருக்கே தெரியும். சற்று நேரத்தில் அவன் இசக்கிச்செல்வியின் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்வதையும், அவள் நிமிர்ந்து பார்ப்பதையும் அனுசியா பார்த்தாள். என்ன சொல்கிறான் என்று ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

இசக்கிச்செல்வி சேற்றில் கால் புதையப் புதைய நேராக இவளிடம் வந்தாள்.

"மேடம், நான் போனா இந்த மைனர் பாடமே நின்னுருமாமே. உங்க வேலையும் போயிருமாமே."

இல்லை என்று சொல்லலாம். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீ போய் எண்ணு என்று சொல்லலாம். அதற்குக்கூட அனுசியாவிடம் தெம்பில்லை.

"ஆமா" என்றாள். "அப்படித்தான் சொல்லுதாவ."

"அப்பம் எதுக்கு பாக்கேன்னு சொன்னிய? மாட்டேன்னு சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

பெண்ணின் மோவாய் நடுங்கியது. கோபம்தான். அழுகை இல்லை. பிறகு சேற்றைப் பார்த்துக்கொண்டு மளமளவென்று சொல்லிக்கொண்டுபோனாள். துறைமுகத்துக்குப் பக்கத்து உரக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பாதுகாப்புப் பாடம் படித்தவர்களைத்தான் எடுப்பார்களாம். உடன்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. வைகாசிக்குள் முடிக்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் நெருக்குகிறார்கள். பயிற்சி கிடைத்தால் படிப்பு முடிகிறவரை பேச்சை ஒத்திப்போடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார். வேறு எதற்கும் அவர் மசிய மாட்டார்.

"பரவால்ல மேடம், நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்னு சொல்லத்தான் வந்தேன். அங்கன இருந்து இங்கன வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன். வாயில வரமாட்டேங்கு."

அனுசியா அவளைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பேசாமல் நின்றால் போதும். இந்தப் பெண்ணின் வாயில் அது வந்துவிடும். வகுப்பே கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. அத்தனை கண்களுக்கு முன்னால் ஒரு பத்தொன்பது வயசுப் பெண் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிப்பாள்? பதினைந்து பேர் அப்படியே இருப்பார்கள். பாடம் இருக்கும். இந்தச் சேறும் இருக்கும். வைகாசியில் உடன்குடியில் ஒரு கல்யாணம் நடக்கும். அழைப்பு வரும், போய்ச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.

"அது வாயில வர வேண்டாம்" என்றாள். "வராததுதான் சரி."

கிங்ஸ்டனைக் கூப்பிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டாள். அவன் யாரையும் பார்க்காமல் வந்து, பாட்டிலைச் சாய்த்து ஊற்றினான். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கைபேசியைத் திறந்தாள். சிக்னல் ஒரு கோடுதான். இணையதளம் சுற்றிச் சுற்றி நின்றது. மறுபடி கடவுச்சொல் கேட்டது. போட்டாள். இசக்கிச்செல்வியின் பெயருக்கு எதிரே பச்சைக் கட்டம். அழுத்தினாள். பெயர் பட்டியலிலிருந்து மறைந்து, கீழே இருந்த பெயர்கள் ஒரு படி ஏறிக்கொண்டன.

பாரம் இறங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள் போல. அப்படி எதுவும் நடக்கவில்லை. திங்கட்கிழமை தாணுலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசப்போவதும், சிவப்பிரகாஷ் சட்டையைக் கொக்கியில் மாட்டிவிட்டு வீட்டுச் செலவைக் கணக்குப் பார்க்கப்போவதும் கண்முன் வந்து போயின. இடுப்பு வலித்தது.

இசக்கிச்செல்வி நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அனுசியாவால் தாங்கியிருக்க முடியாது.

"நான் ரோட்டுக்குப் போயி நிக்கட்டுமா மேடம்? இப்பம் இந்த கிளாஸ்ல நான் இல்லையே."

"வேன் வர நேரமிருக்கு. கடைசிச் சட்டம் இன்னும் எண்ணல." அனுசியா அதைக் கழியோரம் கொண்டுபோய்ச் சேற்றில் வைத்தாள். வளைகளெல்லாம் வெறுமையாக, கறுப்பு வாய் திறந்து கிடந்தன. "காலடிச் சத்தத்துல உள்ள போயிருச்சு. ஆளு அசையாம நின்னாத்தான் வெளிய வரும். நில்லுளா."

இசக்கிச்செல்வி எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். மற்ற பிள்ளைகள் தள்ளி நின்றார்கள். உப்பளத்துப் பக்கமிருந்து வெக்கையான காற்று வந்தது. கழியின் நடுவில் தண்ணீர் மெல்ல ஏறத் தொடங்கியிருந்தது. அனுசியாவின் கைப்பையில் கைபேசி அதிர்ந்தது. பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் துறைத்தலைவருக்குத் தகவல் போய்விடும். நின்றது. மறுபடி அதிர்ந்தது. இசக்கிச்செல்வி கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள். அனுசியா கையை அசைக்கவில்லை.

ஒரு வளையின் வாயில் ஈரம் நெளிந்தது. முதலில் இரண்டு கண்கள் குச்சி மாதிரி நீண்டன. பிறகு உடம்பைவிடப் பெரிய ஒற்றைக் கொடுக்கைச் சுமந்துகொண்டு ஒரு நண்டு வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் நின்று அதைத் தூக்கி ஆட்டியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால், இருவர் பாதங்களுக்கும் இடையில், சேறு முழுக்க.