அத்தானும் திறக்காத கோப்பும்

மனிதகுல வரலாற்றில் ஒலியின் ரகசியத்தை முழுமையாக அறிந்தவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் என் அத்தான். போன மாதம் பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கியதிலிருந்து அறிந்திருக்கிறார்.

அந்த ஞானம் அக்காவுக்கு அன்று தேவைப்பட்டது. லிஃப்ட் கம்பெனி ஒன்று அறிவிப்புக்குக் குரல் தேடியது. பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்து அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டே சலித்துப்போனவள், தன் குரலுக்குக் கதவுகள் திறப்பதை நினைத்துத் தூக்கம் இழந்திருந்தாள். அறிவிப்பைத் தன் போனில் பேசிப் பதிவுசெய்தும்விட்டாள். நடுவில் ஒரு தும்மல். அதை வெட்டி மாலை ஐந்துக்குள் அனுப்ப வேண்டும்.

"தும்மல்தானே? கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள எடுத்துடறேன்" என்றார் அத்தான்.

அத்தானின் கணினியில் இருந்த ஒலி வெட்டும் மென்பொருள் கோப்பை உள்ளேயே விடவில்லை. போன் அதைச் சுருக்கி வைத்திருந்த வகை அதற்குத் தெரியாதாம். திரையில் ஒரு செய்திப் பெட்டி எழுந்தது. அத்தான் படக்கென்று மூடினார். கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எழுத்துகளை அழித்து 'எம்பி3' என்று போட்டார். மறுபடி பெட்டி. மறுபடி மூடினார்.

"பேர மாத்தினா ஆளு மாறிடுமா?" என்றாள் அக்கா.

"நீ சும்மா இரு. இதுக்குக் கொல்லைப்புற வழி ஒண்ணு இருக்கு."

வகை எதுவென்று கேட்காமல் அப்படியே உள்ளே கொட்டும் வசதி அது. கொட்டினார். தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் ஸ்பீக்கர் அலறியது. பக்கத்து வீட்டு நாய் பதில் கொடுத்தது.

"ஏங்க, இதுவா என் குரல்?"

"கோவத்துல கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்."

நான் சிரிப்பை அடக்கத் தலையணையைக் கடித்துக்கொண்டேன். அத்தான் அந்த அலறலை அவசரமாக அழித்துவிட்டு மறுபடி முயன்றார். பெட்டி வந்தது. மூடப்போன கையைப் பிடித்துக்கொண்டு அக்கா உரக்கப் படித்தாள்: "'இவ்வகைக் கோப்பைத் திறக்கத் துணை மென்பொருள் தேவை. நிறுவ இங்கே அழுத்தவும்.' முதல்லேர்ந்து இதத்தானே கெஞ்சிட்டு இருக்கு?"

"அதெல்லாம் கத்துக்குட்டிங்களுக்குப் போடறது."

கத்துக்குட்டி அழுத்தினாள். கோப்பு திறந்தது. "கதவு திறக்கிறது" என்றது அக்காவின் குரல், தேனாக. மூவரும் குதித்தோம். அத்தான் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டார்.

"நகரு, தும்மல நான் பாத்துக்கறேன்" என்று பாய்ந்தவரின் விரல், பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானில் போய் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை.

"கைய எடுங்க! சொன்னா கேக்கவே மாட்டீங்களா?"

அக்காவே தும்மலை வெட்டி அனுப்பினாள். புதிதாகப் பதிவான பேச்சும் கூடவே கலந்து போனது யாருக்கும் தெரியாது.

மறுநாள் கம்பெனிக்காரர் கூப்பிட்டார். "உங்க குரலையே வெச்சுக்கறோம் மேடம். கடைசியில ஒரு அதட்டல் வருதே, பிரமாதம்! கதவுக்கு நடுவுல கைய விடறவங்களுக்கு அதையே போட்டுக்கலாமா?"

இப்போது அத்தானின் அலுவலக லிஃப்டிலும் அக்காதான் பேசுகிறாள். யார் கையை விட்டாலும், மூலையில் நிற்கும் அத்தான் தன் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார்.