அரக்குக் கழிவு

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியில் இருபத்திரண்டு வருஷமாக எடை போடுகிறேன். வருவதெல்லாம் உப்புத் தோல். உப்பைத் தட்டிவிட்டு, ஈரத்துக்கு இவ்வளவு, ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்புக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் எடை எழுதுவேன். கழிவு போடுவதில் பரந்தாமனை ஏய்க்க முடியாது என்று தோல் கொண்டுவருகிறவர்களே சொல்வார்கள். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வதோ, தெரியவில்லை.

என் மகள் பங்கஜத்துக்குக் கணியம்பாடியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா கங்கம்மாள் பேராசைக்காரி அல்ல. ஆறு சவரன் போடுங்கள், ஆனால் பழைய பவுனாக இருக்கட்டும் என்றாள். அவள் கேட்டதில் தப்பில்லை. இந்த வருஷம் சர்க்கார் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டதிலிருந்து புது நகை எல்லாம் பதினாலு காரட்தான். பார்க்கவே சோகை பிடித்த மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. என் மனைவி மீனாம்பாள் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டுக் குண்டுமாலை சரியாக ஆறு சவரன், அதையே போட்டு அனுப்புகிறோம் என்றாள். தாம்பூலம் மாற்றிக்கொண்டோம்.

அந்தக் குண்டுமாலை நான் வாங்கியது. சண்டைக் காலத்தில் பட்டாளத்து பூட்ஸுக்குத் தோல் போய்க்கொண்டிருந்தது. ஓய்வில்லாத வேலை, கையில் காசு. பங்கஜம் பிறந்த சந்தோஷத்தில் வேலூருக்குப் போய் வாங்கி வந்தேன். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அதை இரவல் கேட்டு வருவார்கள். ஒவ்வொரு முறையும் எடையைச் சொல்லித்தான் கொடுப்பேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மெருகு போட சுந்தரமூர்த்தி பத்தரிடம் கொண்டுபோனேன். சட்டம் வந்த பிறகு அவருக்கும் வேலை இல்லை. மாலையை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு குண்டின் துளையில் ஊசியை விட்டு நெருடினார். செம்பழுப்பாகத் தூள் உதிர்ந்தது.

"அரக்குங்க. மேல தகடு, உள்ள பூரா அரக்கு. தங்கம்னு பாத்தா மூணு சவரன் தேறும்."

நகை வாங்கும்போது கெட்டியா, அரக்கா, கல் வைத்ததா என்று முதலில் கேட்க வேண்டுமாம். அரக்கு நகை என்றால் அரக்கைக் கழித்து எடை கேட்க வேண்டும், கல் நகை என்றால் கல்லைக் கழிக்க வேண்டும் என்று சலிப்பில்லாமல் சொல்லிக்கொண்டே போனார். கழிவைப் பற்றி எனக்கு ஒருவர் பாடம் சொல்கிறார். அன்றைக்குக் கடையில் நான் தராசு முள்ளைத் தவிர எதையும் பார்க்கவில்லை. ஆட்டுத்தோலில் ஒட்டிய உப்பைக் கூடக் கழிக்கிறவன், தங்கத்தில் கழிக்க என்ன இருக்கும் என்று நினைத்துவிட்டேன். எனக்குக் கோபம்கூட வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்க அலுப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து மீனாம்பாளிடம் மாலையைக் கொடுத்து, பத்தர் சொன்னதைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைவதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றாள்.

பங்கஜத்துக்கு மூணு வயசு இருக்கும்போதே தெரியுமாம். நெல் அவிக்க அண்டா மேல் குனிந்தபோது ஆவி பட்டு ஒரு குண்டிலிருந்து அரக்கு கசிந்து கழுத்தைச் சுட்டதாம். ஆறியதும் நகத்தால் சுரண்டிப் போட்டுவிட்டாளாம். கழுத்தில் வடு இருந்தது நிஜம்தான். எண்ணெய் தெறித்தது என்று அப்போது சொன்னாள், நானும் நம்பினேன்.

பிறகு எதற்கு அவர்களிடம் ஆறு சவரன் என்று வாக்குக் கொடுத்தாய் என்று கேட்டேன்.

"ஊரெல்லாம் நீங்க ஆறுன்னு சொல்லிட்டு இருக்கீங்க. நா மூணுன்னா சொல்றது?"

எத்தனை பேரிடம் எத்தனை தடவை எடை சொல்லியிருப்பேன். அப்போதெல்லாம் இவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். குறைகிற மூணு சவரனை மறைத்துப் பெண்ணை அனுப்பினால் நாளைக்கு மாமியார் வீட்டில் பேச்சு வாங்கப் போவது பங்கஜம். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கணியம்பாடி போய்க் கங்கம்மாளிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அதற்கப்புறம் அவர்கள் இஷ்டம் என்றேன்.

மீனாம்பாள் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நானும் வர்றேன். எனக்கு மொதல்லயே தெரியும், நாதான் பொய் சொன்னேன்னு அந்தம்மா கிட்ட சொல்லுங்க. நீங்க ஏமாந்துட்டீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."