டயாலிசிஸ் பிரிவு, பொன்னுலிங்கம்

பதினோரு நாள் ஏணி ஏறி இறங்கியதில் குமாரதாசுக்கு முழங்கால் இரண்டும் கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. கோட்டாற்றில் நான்கு மாடி ஆஸ்பத்திரி. அவன் மாட்டிய வைஃபை பெட்டிகள் இருபத்தாறு. அத்தனையையும் ஒரே இடத்திலிருந்து ஆட்டுவிக்கக் கீழே ஆபீஸ் அறையில் ஒரு கன்ட்ரோலர். இதுவரை ஆஸ்பத்திரி முழுக்க ஒரே பாஸ்வேர்டுதான். அது டாக்டர்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஆட்டோ ஸ்டாண்டுக்கும் எதிர்த்த டீக்கடைக்கும் நன்றாகத் தெரியும். நோயாளிகளின் ரிப்போர்ட்டெல்லாம் அதே வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது.

இனி ஒவ்வொரு ஊழியருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. வந்து போகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம், அவ்வளவுதான். காலையில் புது ஏற்பாட்டை ஓட விட்டதும், இருநூற்றுச் சொச்சம் போன்கள் இருந்த பட்டியல் அறுபத்தொன்றாக வற்றியது. மேனேஜர் நாராயணபெருமாளுக்கு வாயெல்லாம் பல்.

"ஸ்டாஃப் பட்டியல்ல வெளியாள் ஒருத்தன் இருக்கப்பிடாது வே. மூணு மணிக்குப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுதேன்."

அந்தக் கையெழுத்து கிடைத்தால் வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்க்கலாம். குமாரதாசுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை.

பன்னிரண்டு மணிக்கு டயாலிசிஸ் நர்ஸ் அஜிதா போன் செய்தாள். "அண்ணே, இங்க ஒரு பேஷண்டுக்கு நெட்டு கட்டாயிட்டு. கொஞ்சம் வாங்க."

லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் போயிருந்தது. மூன்று மாடியும் படியேறி, போகும் வழியெல்லாம் எரிச்சலை வளர்த்துக்கொண்டே போனான்.

கட்டிலில் இராஜாக்கமங்கலத்துத் தோப்புக்காரர் பொன்னுலிங்கம் கிடந்தார். இடக்கையில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக் கூடாது. மேசைமேல் பிளாஸ்கில் சாய்த்து வைத்த போன் இருண்டு கிடந்தது.

"ஒரு மணிக்கூரு பேசியாச்சுல்லா அண்ணாச்சி? வெளியாளுக்கு அவ்வளவுதான்."

"பேசல்ல மக்கா. என் மவன் அபிலாஷுக்குக் குவைத்துல நைட்டு டூட்டி. வந்து போனைத் தலமாட்டுல வச்சுட்டு உறங்குவான். இங்க மிசினு ஓடுத நாலு மணிக்கூரும் அவன் உறங்குததைப் பாத்துட்டுக் கெடப்பேன். வேற ஒண்ணுமில்ல."

குமாரதாசும் எட்டு வருடம் துபாயில் நைட் டூட்டி பார்த்தவன். அந்த உறக்கம் எப்படிப்பட்டதென்று அவனுக்குத் தெரியும். தன்னை அப்போது யாரும் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

"ஸ்டாஃபுக்கு மட்டுந்தான் நேரக் கணக்கில்ல அண்ணாச்சி" என்றான், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"வாரத்துக்கு மூணு நாளு இங்கதான் டூட்டி. ரெண்டு வருசமா ஒரு லீவு எடுத்ததில்ல. பின்ன நானென்ன வெளியாளா?"

அஜிதா சிரித்துவிட்டாள். பதினோரு நாளில் முதல் தடவையாகக் குமாரதாசும் சிரித்தான். மேனேஜர் சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. இருந்தாலும் ஸ்டூலை இழுத்துப்போட்டு லேப்டாப்பைத் திறந்தான். அறுபத்திரண்டாவது ஆள். பெயர், பொன்னுலிங்கம். பிரிவு, டயாலிசிஸ். நிரந்தர ஊழியர் என்று போட்டால் ஸ்டாஃப் நம்பர் கேட்கும். ஒப்பந்த ஊழியர் என்று போட்டான். அதற்கு முடியும் தேதி கேட்டது. அசதியில் யோசிக்காமல் வாய் முந்திக்கொண்டது.

"எதுவரைக்கும் போடணும் அண்ணாச்சி?"

கேட்டபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். அஜிதா மிஷின் பக்கம் திரும்பி, பார்க்க ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்தாள்.

பொன்னுலிங்கம் நிதானமாக விரல்விட்டு எண்ணினார். "அடுத்த ஆடியில அவன் அக்ரிமென்ட்டு முடியுது. அதுவரைக்கும் போடு. பொறவு நேர்லயே பாத்துக்கிடலாம்."

குமாரதாஸ் தேதியைப் போட்டு, புது பாஸ்வேர்டை அவர் போனிலும் அடித்து, மகனைத் திரும்பக் கூப்பிட்டுக் கொடுத்தான். போனில் மணி அடித்து அடித்து, அபிலாஷ் கண்ணைத் திறக்காமலே எடுத்து, தலைமாட்டில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். இருட்டறை, ஒரு கம்பளி, கலைந்த தலைமுடி. பொன்னுலிங்கம் வலக்கை விரலை உதட்டில் வைத்து, சத்தம் போட வேண்டாமென்று இருவருக்கும் ஜாடை காட்டினார்.

வாசல் வரை போனவனை மெல்லக் கூப்பிட்டார்.

"மக்கா, ஒரு மாசம் கூட்டியே போடு. கம்பெனிக்காரன் சொன்ன தேதிக்கு விடமாட்டான்."

கம்பெனிக்காரன்மேல் மட்டும்தான் அவருக்குச் சந்தேகம். ஒரு மாதம் கேட்டவருக்குக் குமாரதாஸ் இரண்டு வருடம் கூட்டிப் போட்டான். மேனேஜர் கேட்டால் உள்ளதைச் சொல்லிக்கொள்ளலாம். இன்று கையெழுத்து கிடைக்காவிட்டால் நாளைக்கும் இந்தப் படியை ஏற வேண்டியதுதான் என்று நினைத்தபடி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.