மானியம் வாங்கிய உழவர்

"உன் புருஷனோட பழைய சட்டை ஒண்ணு இருக்கும்ல, அத எடுத்துக் குடு" என்று மூத்தவர் கேட்டபோது, சின்னவள் வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றுவிட்டாள்.

மூத்தவர் துணிக்கடைக்காரர். கடையில் ஆளுயரத்துக்குச் சட்டைகள் அடுக்கிக் கிடக்க, செத்துப்போன தம்பியின் அழுக்குச் சட்டைதான் வேண்டுமாம். காரணம் இல்லாமல் இல்லை. விவசாய மானியம் யார் யாருக்குப் போகிறது என்று பெயர் போட்டு ஒட்டச் சொல்லி இந்த வருஷம் உத்தரவு வந்துவிட்டது. அலுவலகச் சுவரில் ஒட்டியும் விட்டார்கள். ஏழாவது பெயர் இவருடையது. 'இவர் எந்தக் காலத்துல ஏர் புடிச்சார்?' என்று யாரோ ஒரு புண்ணியவான் மனு எழுதிப் போட, இன்றைக்கு ஆய்வாளர் வருகிறார்.

பட்டியலைச் சின்னவளும் பார்த்திருந்தாள். மூன்று வருஷமாக மழை ஏமாற்றியபோதெல்லாம், "அரசாங்கம் ஒண்ணும் தரலம்மா" என்றுதான் மூத்தவர் சொன்னார். அவளும் நம்பித் தோட்டை விற்றாள், பசுவை விற்றாள். புருஷன் போன பிறகு அந்த மூன்று ஏக்கரை உழுவதும் விதைப்பதும் அவள்தான். பத்திரம் மட்டும் மூத்தவர் பேரில். பொம்பளைக்கு எதற்கு நிலம் என்பது அந்த வீட்டு வழக்கம். வாயைத் திறந்தால் இருக்கிற பின்கட்டு அறையும் போய்விடும்.

"குடுத்துடும்மா, ஒரு மணி நேரந்தானே" என்றாள் மூத்தவரின் மனைவி. சொல்லிவிட்டு, ஓரகத்தியின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். இவளும் ஒரு மனுஷியா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவளுக்கே அப்படித்தான் தோன்றியது.

வயலில் ஆய்வாளர் அதிகம் கேட்கவில்லை. "தண்ணி எந்தப் பக்கமிருந்து வருது?" என்றார்.

தோள் பிடித்த தம்பியின் சட்டைக்குள் நெளிந்தபடி மூத்தவர் பள்ளத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

"அப்படியா? உங்க வயல்ல மட்டும் தண்ணி மேட்டுக்கு ஏறுதா சார்?"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். மண்வெட்டியோடு நின்ற சின்னவள் பக்கம் ஆய்வாளர் திரும்பினார். "இந்தம்மா யாரு?"

"அதுங்களா? கூலிக்கு வர்ற பொம்பள."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்து வரப்பில் நின்றிருந்த மூத்தவரின் மனைவி முன்னால் வந்தாள்.

"என்ன கூலிங்க குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு."

"ஒரு நாள் கூலி சொல்லுங்க. ஒரே ஒரு நாள்."

ஆய்வாளர் கோப்பைப் புரட்டினார். "இவர் தன் கையாலேயே உழுறார்னு மூணு வருஷமும் சாட்சிக் கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தாங்க. பொய்னு தெரிஞ்சேதான் போட்டேன். உழுறது இவ. அந்தப் பணம் மொத்தமும் இவளுக்குச் சேர வேண்டியது. எழுதிக்குங்க. அடுத்த பட்டியல் ஒட்டுறப்ப, பொய்ச் சாட்சி போட்டவள்னு என் பேரையும் சேத்து ஒட்டுங்க."

"குடும்ப மானத்தையே வாங்கிட்டியேடி" என்று மூத்தவர் பல்லைக் கடித்தார். மூன்று வருஷம் உட்கார்ந்து தின்றபோது நினைவுக்கு வராத மானம் இப்போது வந்துவிட்டது.

ஆய்வாளர் எழுதினார். சின்னவளிடம் கையெழுத்து வாங்கினார். "மேல அனுப்புறேம்மா. ஆனா பத்திரம் அவர் பேர்லதானே இருக்கு" என்று இழுத்தார். சின்னவள் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நேராக மடையை அடைக்கப் போனாள்.

அவள் தன்னிடம் வந்து நன்றி சொல்வாள் என்று மூத்தவரின் மனைவி வரப்பில் ஒரு கணம் காத்து நின்றாள். காத்து நின்றது உறைத்ததும், கையெழுத்துப் போட்ட அன்றைக்குக்கூட வராத வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.